அகலமான பட்டைதான் குற்றவாளியா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசினது பேசினபடியே.)

ப்ரொஃபைலர் பத்தி எப்போ பேசினாலும் அடுத்த நாள் எனக்கு வர்ற மெசேஜ் ஒண்ணு இருக்கு. "ப்ரொஃபைலர் ஓட்டிட்டேன், கலர் கலரா ஒரு படம் வந்துடுச்சு, ஒரு பட்டை மட்டும் ரொம்ப அகலமா இருக்கு. அந்த ஃபங்ஷனைச் சரி பண்ணா முடிஞ்சுதுல்ல?"

முடியாது. பல நேரம் முடியாது, அதுவும் கிராஃபிக்ஸ் அப்ளிகேஷன்னா ரொம்பவே முடியாது. ஏன்னு ஒரு கதையோட சொல்றேன். அந்தக் கதைல தப்பு பண்ணினது நான். அந்தத் தப்புக்கு ரெண்டு வீக்கெண்டைக் கொடுத்தது வேற ஒருத்தங்க.

சோஃபாவைத் திருப்பினா போன் திணறுது

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல ஒரு ப்ராடக்ட் பண்ணினோம். பிரவுசர்லயே ஓடுற முப்பரிமாண அறை. சோஃபா, கட்டில், பீரோ எல்லாத்தையும் அறைக்குள்ள வெச்சு, விரலால சுத்திப் பார்க்கலாம். வெப்ஜிஎல்ல எழுதினது. லேப்டாப்ல வழுக்கிட்டுப் போகும். ஆனா அதைப் பயன்படுத்தப் போறவங்க ஃபர்னிச்சர் கடைல நிக்கிற சேல்ஸ் ஆளுங்க. அவங்க கைல இருக்கிறது பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபா ஆண்ட்ராய்டு போன். அதுல 24 எஃப்பிஎஸ். விரல் ஒரு பக்கம் போகும், சோஃபா யோசிச்சுட்டுப் பின்னாடி வரும்.

டெமோவுக்கு மூணு வாரம் இருந்துச்சு. போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, லேப்டாப் குரோம்ல இருந்து ரிமோட்டா பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங் எடுத்தேன். ஒரு ஃப்ரேமுக்கு சராசரியா 40 மில்லிசெகண்டுக்கு மேல போகுது. அதுல 28 மில்லிசெகண்ட் ஒரே பட்டை. பேரு ரீட்பிக்ஸல்ஸ். அதைக் கூப்பிடுற ஃபங்ஷன், விரல் எந்தப் பொருள் மேல இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு பொருளையும் திரைக்கு வெளில, தனித்தனி நிறத்துல ஒரு தடவை வரைஞ்சு, விரல் இருக்கிற புள்ளியோட நிறத்தைத் திருப்பி வாசிக்கும். நிறம் தெரிஞ்சா பொருள் தெரியும். ரொம்பப் பழைய, நல்ல உத்திதான்.

அதை எழுதினது எங்க டீம்ல புதுசா சேர்ந்திருந்த ஒரு பொண்ணு. காலேஜ் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகல. நான் ஸ்டாண்ட்-அப்ல எல்லார் முன்னாடியும் ஸ்கிரீன் ஷேர் பண்ணி, "பாருங்க, மூணுல ரெண்டு பங்கு நேரம் இங்கதான் போகுது"ன்னு சொன்னேன். போர்டுல கணக்கும் போட்டேன். 40-ல 28 போனா 12. 12 மில்லிசெகண்ட்னா 60 எஃப்பிஎஸ் தாராளமா வரும். அவ்ளோதான் பிரச்சினை, இந்த ஃபங்ஷனை மாத்தி எழுதணும்.

அவங்க ஒண்ணும் சொல்லல. ரெண்டு வீக்கெண்ட் உட்கார்ந்து, திரும்ப வாசிக்கிற வேலையே இல்லாம, கணக்கு போட்டே பொருளைக் கண்டுபிடிக்கிற மாதிரி மாத்தி எழுதினாங்க. விரல்ல இருந்து ஒரு நேர்கோடு விட்டு, அது எந்தப் பெட்டில முட்டுதுன்னு பார்க்கிற முறை. சுத்தமான கோட். மெர்ஜ் பண்ணி போன்ல ஓட்டினோம்.

25 எஃப்பிஎஸ்.

பட்டை என்ன சொல்லுது, என்ன சொல்லல

கதையை இங்க நிறுத்திட்டு, அந்தப் படத்தை எப்படி வாசிக்கணும்னு பார்த்துடுவோம்.

ப்ரொஃபைலர்ல ரெண்டு வகை. ஒண்ணு, சீரான இடைவெளியில எட்டிப் பார்த்து "இப்ப எந்த ஃபங்ஷன்ல இருக்கே?"ன்னு கேட்டுக் குறிச்சுக்கிறது. இதுக்கு சாம்ப்ளிங்னு பேரு. இன்னொண்ணு, ஃபங்ஷனுக்குள்ள நுழையும்போதும் வெளில வரும்போதும் நேரம் குறிக்கிற மாதிரி கோடுலயே சொருகி வைக்கிறது. முதல் வகை லேசானது, ஆனா குட்டிக் குட்டி ஃபங்ஷன்களைத் தவறவிடும். ரெண்டாவது துல்லியம், ஆனா குறிக்கிற வேலையே நேரம் எடுக்கும். லட்சம் தடவை கூப்பிடுற சின்ன ஃபங்ஷன்ல அதைச் சொருகினா, அளக்குற செலவுதான் பெரிய பட்டையா தெரியும்.

அடுத்தது, சொந்த நேரம், மொத்த நேரம். ஒரு ஃபங்ஷன் தானே செஞ்ச வேலைக்கு ஆனது சொந்த நேரம். அது கூப்பிட்ட மத்தவங்களையும் சேர்த்தா மொத்த நேரம். 1982-ல பெர்க்லில இருந்து வந்த ஜிப்ரோஃப் கருவியே இந்தக் கணக்குக்காகத்தான் பேர் வாங்குச்சு, யார் யாரைக் கூப்பிட்டு அந்தச் செலவை ஏத்தினாங்கன்னு காட்டினது அது. மெயின் ஃபங்ஷனோட மொத்த நேரம் எப்பவும் 100 சதவீதம்தான். அதைப் பார்த்து யாரும் மெயினைத் திட்ட மாட்டாங்க. ஆனா நடுவுல இருக்கிற ஒரு ஃபங்ஷனை இதே மாதிரி தப்பாப் பார்த்துத் திட்டுவோம்.

மூணாவது, கிடைமட்டக் கோடு. பிரெண்டன் கிரெக் 2011-ல கொண்டுவந்த ஃப்ளேம் கிராஃப்ல இடமிருந்து வலம் போறது நேரம் கிடையாது. ஒரே மாதிரி அழைப்புகளை ஒண்ணாச் சேர்த்து அகர வரிசைல அடுக்கியிருக்கும். இடது பக்கம் இருக்கிறது முதல்ல நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா குரோம் பெர்ஃபார்மன்ஸ் பேனல்ல வர்ற படத்துல இடமிருந்து வலம் நிஜமாவே நேரம்தான். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வாசிக்கிற முறை வேற. நிறைய பேர் குழம்புற இடம் இது.

இது எல்லாம் எனக்கும் அன்னிக்குத் தெரியும். நான் கோட்டை விட்டது நாலாவது விஷயத்துல. பட்டையோட அகலம், அந்த ஃபங்ஷனுக்குள்ள எவ்ளோ நேரம் கழிஞ்சுதுன்னு சொல்லுது. அந்த நேரத்துல அது வேலை செஞ்சுதா, இல்ல சும்மா நின்னுதான்னு சொல்லாது.

பரோட்டா கடைல ரெண்டு பேர்

கிராஃபிக்ஸ்ல எப்பவும் ரெண்டு பேர் வேலை பார்க்கிறாங்க. சிபியு, ஜிபியு. இதை ராத்திரி பரோட்டா கடை மாதிரி நினைச்சுக்கோங்க. சர்வர் டேபிள் டேபிளா போய் ஆர்டர் எடுத்து, கிச்சன் ஜன்னல்ல சீட்டு வெச்சுட்டுத் திரும்பிப் போயிடுவாரு. உள்ள மாஸ்டர் கல்லு முன்னாடி நின்னு ஒண்ணொண்ணா போட்டுட்டு இருப்பாரு. சர்வர் சிபியு, மாஸ்டர் ஜிபியு.

நீங்க கோடுல "இந்த சோஃபாவை வரை"ன்னு எழுதுறீங்கல்ல, அந்த வரி ஓடி முடியும்போது சோஃபா வரைஞ்சு முடிஞ்சிருக்காது. சீட்டு வெச்சாச்சு, அவ்ளோதான். அதனால வரையிற ஃபங்ஷனோட பட்டை எப்பவும் குட்டியா இருக்கும். சோஃபா ஒரு மில்லிசெகண்ட் எடுக்குமோ இருபது எடுக்குமோ, அந்தப் பட்டைக்குத் தெரியாது.

இப்போ சர்வர்கிட்ட ஒரு வேலை கொடுக்கிறோம். "நீ கடைசியா வெச்ச சீட்டுக்கு வந்த பரோட்டா என்ன நிறத்துல இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு." அந்த நிறத்தைச் சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி வெச்ச எல்லா சீட்டும் முடியணும். சர்வர் ஜன்னல்கிட்டயே நிப்பாரு. ரீட்பிக்ஸல்ஸ் பண்றது இதைத்தான். ஜிபியுகிட்ட இருந்து பதில் கேட்கிற எந்த அழைப்பும் இப்படி நிக்க வைக்கும்.

முதலாளி கல்லால உட்கார்ந்து சர்வரை மட்டும் டைம் பண்றாரு. ஒரு மணி நேரத்துல 40 நிமிஷம் ஜன்னல்கிட்டதான் நிக்கிறான்! ஜன்னல்லதான் ஏதோ பிரச்சினை, இடிச்சுப் பெருசாக் கட்டுங்கடான்னு சொல்றாரு. நான் ஸ்டாண்ட்-அப்ல பண்ணினது அச்சு அசல் அதுதான்.

என் போர்டு கணக்கு ஏன் பொய்த்துச்சுன்னா, நான் கூட்டல் கணக்கு போட்டேன். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வேலை பார்க்கும்போது ஃப்ரேம் நேரம் ரெண்டோட கூட்டல் கிடையாது. ரெண்டுல யாரு அதிக நேரம் எடுக்கிறாங்களோ, கிட்டத்தட்ட அதுதான். ஜிபியுவுக்கு 40 மில்லிசெகண்ட் வேலை இருந்தா, சிபியு 12-ல முடிச்சாலும் 2-ல முடிச்சாலும் ஃப்ரேம் 40-தான்.

வெள்ளையா ஒரு இடம்

25 எஃப்பிஎஸ் வந்த அன்னிக்குத் திரும்ப ரெக்கார்டிங் எடுத்தேன். ரீட்பிக்ஸல்ஸ் பட்டையைக் காணோம். அதுக்குப் பதிலா ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல பெருசா வெள்ளை இடம். மெயின் த்ரெட் சும்மா இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் 12 மில்லிசெகண்ட்ல முடிஞ்சுடுது. அப்புறம் ஒண்ணுமே நடக்கல. ஆனா ஃப்ரேமும் வரல.

முன்னாடி ஜன்னல்கிட்ட நின்ன சர்வர், இப்போ பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்காரு. சாப்பிட வந்தவங்களுக்கு பரோட்டா வர்ற வேகம் மாறல.

எனக்கு அப்பவும் புரியல. பக்கத்து டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, கேம் கம்பெனில ரெண்டரிங் பண்ணினவங்க. அவங்கள கூப்பிட்டுக் காட்டினேன். பழைய ரெக்கார்டிங்கையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி. "தம்பி, அந்த 28 மில்லிசெகண்ட்ல இவன் வேலை செய்றானா, காத்துட்டு இருக்கானா?"

அப்புறம் அவங்களே மவுஸை எடுத்து, நான் மடிச்சு வெச்சிருந்த ஒரு வரிசையை விரிச்சாங்க. அதே பேனல்லயே ஜிபியுன்னு ஒரு வரிசை இருக்கு. அது முழுக்க நிரம்பி இருந்துச்சு, ஒரு இடைவெளிகூட இல்ல. ரெண்டு ரெக்கார்டிங்லயும்தான். முதல் நாளே என் கண் முன்னாடி இருந்த பதில், இடத்தை அடைக்குதேன்னு நான் மடிச்சு வெச்சது.

இன்னொரு பொறியும் இருந்துச்சு. நாங்க தினமும் லேப்டாப்லயே "சிபியு 4 மடங்கு மெதுவா"ங்கிற ஆப்ஷனைப் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு, போன்ல இப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டு இருந்தோம். அந்த ஆப்ஷன் சிபியுவை மட்டும்தான் மெதுவாக்கும். ஜிபியு லேப்டாப்போட ஜிபியுவேதான். சர்வர் காலைக் கட்டிப்போட்டுட்டு, மாஸ்டர் வேகத்தை டெஸ்ட் பண்ணின மாதிரி.

பார்க்கிறதை விட்டுட்டு, ஏதாவது ஒண்ணை மாத்துங்க

சரி, மாஸ்டர்தான் மெதுவுன்னு தெரிஞ்சாச்சு. ஏன் மெதுவு? ஜிபியு வரிசை "பிஸி"ன்னு மட்டும்தான் சொல்லும், எதுலன்னு சொல்லாது. இங்கதான் அக்கா எனக்கு ஒரு பழக்கம் கத்துக்கொடுத்தாங்க. படத்தை உத்து உத்துப் பார்க்காதே. ஒரே ஒரு விஷயத்தை வேணும்னே மாத்து, நேரம் எப்படி மாறுதுன்னு பாரு. மாத்துறதுக்கு முன்னாடி, என்ன ஆகும்னு நினைக்கிறியோ அதை எழுதி வை. எழுதலைன்னா, எந்த ரிசல்ட் வந்தாலும் "நான் அப்பவே நினைச்சேன்"னு நம்மளே நம்மள ஏமாத்திப்போம்.

சோதனைகள் இதுதான்.

முதல் சோதனை: வரையிற இடத்தை ஒரு பிக்ஸலுக்கு ஒரு பிக்ஸலா சுருக்குங்க. சிபியு செய்ற வேலை எல்லாம் அப்படியே இருக்கும், ஜிபியுவுக்குப் பிக்ஸல் வேலையே இருக்காது. அப்பவும் மெதுவா இருந்தா, பிரச்சினை சிபியுல, இல்லன்னா வெர்டெக்ஸ் பக்கம்.

ரெண்டாவது: அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்குங்க. பிக்ஸல் எண்ணிக்கை நாலுல ஒரு பங்காகும். நேரமும் அதே மாதிரி விழுந்தா, செலவு பிக்ஸலுக்குத்தான் போகுது.

மூணாவது: பிக்ஸல்தான்னு தெரிஞ்சா, எல்லா ஷேடரையும் எடுத்துட்டு, ஒரே நிறத்தைப் பூசுற ஷேடரைப் போடுங்க. நேரம் நல்லா குறைஞ்சா, ஷேடருக்குள்ள இருக்கிற கணக்கும் டெக்ஸ்சர் வாசிப்பும் காரணம். குறையலைன்னா, ஒரே பிக்ஸலைத் திரும்பத் திரும்ப வரையிறோமான்னு பார்க்கணும். கண்ணாடி, திரைச்சீலை, புகை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா வர்ற ஒளிபுகும் பொருள்களை அங்க தேடுங்க.

நாலாவது: மாடல்ல முக்கோணங்களைக் குறைங்க. விழுந்தா, வெர்டெக்ஸ் பக்கம்.

நான் ரெண்டாவதைப் பண்ணினேன். பாதி அகலம், பாதி உயரம். படம் மங்கலா ஆச்சு, ஆனா 60 எஃப்பிஎஸ். விரல் கூடவே சோஃபா வந்துச்சு. மூணு வாரத்துல முதல் தடவை. மூணாவதையும் பண்ணினேன், ஒரே நிறம் பூசினேன். அப்பவும் 60. அப்போ ஷேடர்தான். எந்த ஷேடர்? ஒண்ணொண்ணா அணைச்சுட்டே வந்தேன்.

படத்துல பேரே இல்லாத குற்றவாளி

நாலாவதா அணைச்சதுல விடை கிடைச்சுது. எஸ்எஸ்ஏஓ. பேரு பயமுறுத்தினாலும் விஷயம் சிம்பிள். சுவரும் தரையும் சேர்ற மூலை, சோஃபா மெத்தைக்கு நடுவுல இருக்கிற இடுக்கு, இங்கெல்லாம் வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கும்ல, அந்த மெல்லிய நிழலைப் போடுற உத்தி. 2007-ல வந்த க்ரைசிஸ் கேம் மூலமா பிரபலமாச்சு. ஒவ்வொரு பிக்ஸலும் தன்னைச் சுத்தி இருக்கிற இடங்களோட ஆழத்தை வாசிச்சு, நான் இடுக்குல இருக்கேனா வெளில இருக்கேனான்னு கணக்கு போடும்.

எங்க ஷேடர்ல ஒரு பிக்ஸலுக்கு 32 வாசிப்பு. போன் திரை 1080-க்கு 2400, கிட்டத்தட்ட 26 லட்சம் பிக்ஸல். 32-ஆல பெருக்கினா ஒரு ஃப்ரேமுக்கு 8.3 கோடி வாசிப்பு. 60 எஃப்பிஎஸ் வேணும்னா, விநாடிக்கு கிட்டத்தட்ட 500 கோடி. பன்னிரண்டாயிரம் ரூபா போன்ல, ஒரு சின்ன நிழலுக்காக.

அந்த ஷேடரை எழுதினது நான்.

லேப்டாப்ல அழகா இருந்துச்சு, ரிவ்யூல எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க, நானும் சந்தோஷமா மெர்ஜ் பண்ணினேன். ஜாவாஸ்கிரிப்ட் ப்ரொஃபைல்ல அது எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? ஒரு குட்டி வரையிற அழைப்பு, ஒரு மில்லிசெகண்ட்கூட இல்ல. என் வேலையோட செலவு எல்லாம் அவங்க ஃபங்ஷன் பேர்ல பில்லாயிடுச்சு. படத்துல என் பேரே எங்கயும் இல்ல.

சரி பண்றது கஷ்டமா இல்ல. எஸ்எஸ்ஏஓவைப் பாதி அகலம், பாதி உயரத்துல ஓட்டி, 32 வாசிப்பை 8 ஆக்கி, வர்ற புள்ளிப்புள்ளியை மெல்ல பிளர் பண்ணினேன். நாலுல ஒரு பங்கு பிக்ஸல், நாலுல ஒரு பங்கு வாசிப்பு, அதாவது பதினாறுல ஒரு பங்கு. 8.3 கோடி, 52 லட்சமாச்சு. பக்கத்துல வெச்சுக் காட்டினாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல.

ஆனாலும் 60-ல நிக்கல. அப்பப்போ தடுமாறிச்சு. இங்கதான் எஃப்பிஎஸ்ங்கிற எண் எவ்ளோ வழுக்கலானதுன்னு சொல்லணும்.

எஃப்பிஎஸ்ல பேசாதீங்க

60-ல இருந்து 50-க்கு வந்தா, ஒரு ஃப்ரேம் 16.7-ல இருந்து 20 மில்லிசெகண்ட் ஆகுது. 3.3 மில்லிசெகண்ட் நஷ்டம். 200-ல இருந்து 190-க்கு வந்தா, 5-ல இருந்து 5.26. கால் மில்லிசெகண்ட். ரெண்டையும் "10 எஃப்பிஎஸ் குறைஞ்சுது"ன்னுதான் சொல்வோம். முதல்ல சொன்னது ரெண்டாவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல பெருசு. அதனால எப்பவும் மில்லிசெகண்ட்ல பேசுங்க.

அடுத்தது திரையோட தாளம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் புதுப் படத்தை வாங்கும். உங்க ஃப்ரேம் 17.5-ல முடிஞ்சா, பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ் 33.3-லதான். நாங்க பார்த்த 24 எஃப்பிஎஸ்ல, சராசரிக்குச் சமமான 42 மில்லிசெகண்ட் ஃப்ரேம் ஒண்ணுகூட இல்ல. 33-ம் 50-ம் மாறி மாறி வந்துச்சு, சராசரி 42 ஆச்சு. கண்ணுக்குத் திணறலா தெரிஞ்சதுக்கு இந்த மாறி மாறி வர்றதும் ஒரு காரணம்.

இதோட மறுபக்கமும் இருக்கு. 60 வந்துட்டா, அந்த எண் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது. 5 மில்லிசெகண்ட்ல முடிச்சாலும் 60, 16.5-ல முடிச்சாலும் 60. 16.5-ல இருக்கிறவன் விளிம்புல நிக்கிறான். போன் கொஞ்சம் சூடானா ஜிபியு வேகத்தை அதுவே குறைச்சுக்கும், உடனே விழுந்துடுவான். நாங்களும் அந்த விளிம்புலதான் இருந்தோம். கடைல போன் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்காது. கவர் போட்ட போன், வாசல் வெயில், ரெண்டு மணி நேரமா கைலயே இருக்கும்.

அதனால இன்னொரு மாற்றம் பண்ணினோம். ஒரு சிஎஸ்எஸ் பிக்ஸலுக்கு 3 நிஜ பிக்ஸல்ங்கிற விகிதத்துல வரைஞ்சுட்டு இருந்ததை 2-ன்னு கட்டுப்படுத்தினோம். 1080-க்கு 2400, 720-க்கு 1600 ஆச்சு. 26 லட்சம் பிக்ஸல், 11.5 லட்சமா இறங்குச்சு. கை தூரத்துல வெச்சுப் பார்க்கும்போது யாருக்கும் தெரியல. அப்புறம் பதினஞ்சு நிமிஷம் விடாம ஓட்டி, சூடானதுக்கு அப்புறம் அளந்தோம். நின்னுச்சு.

சூட்டோட சேர்த்து ஒரு எச்சரிக்கை. வேலை குறைஞ்சா ஜிபியு, பேட்டரி மிச்சம் பண்ண தன் வேகத்தையும் குறைச்சுக்கும். நீங்க பாதி வேலையைக் குறைச்ச பிறகும் ஜிபியு நேரம் அப்படியே இருக்கிற மாதிரி தெரியலாம். அது தோல்வி இல்ல, அதே வேலையை மெதுவா, சூடாகாம செய்யுதுன்னு அர்த்தம். கிளாக் வேகத்தையும் சேர்த்துப் பார்க்காம தீர்ப்பு சொல்லாதீங்க.

சராசரி மறைக்கிற ஒரு ஃப்ரேம்

கடைசியா ஒண்ணு. 99 ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், ஒரே ஒரு ஃப்ரேம் 300. சராசரி 19.5, அதாவது 51 எஃப்பிஎஸ். "பரவாயில்லையே"ன்னு தோணும். ஆனா பயன்படுத்துறவங்களுக்கு ஞாபகம் இருக்கப் போறது அந்த 300-தான். அதனால சராசரியோட நிறுத்தாம, ஃப்ரேம்களை வரிசைப்படுத்தி மோசமான ஒரு சதவீதம் எங்க இருக்குன்னு பாருங்க.

எங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. கண்ணாடிக் கதவு வெச்ச பீரோ முதல் தடவை திரைக்குள்ள வரும்போது மட்டும் ஒரு வெட்டு. ப்ரொஃபைல்ல அகலமான பட்டை, ஷேடர் ப்ரோக்ராம் லிங்க் ஆச்சான்னு விசாரிக்கிற ஒரு அழைப்பு. ஒரு விசாரிப்புக்கு எதுக்கு கால் விநாடி? இந்தத் தடவை எனக்குப் பாடம் தெரியும். அது வேலை செய்யல, காத்துட்டு இருக்கு. பின்னாடி கண்ணாடி ஷேடர் அப்பதான் கம்பைல் ஆகுது, "முடிஞ்சுதா?"ன்னு கேட்டவன் தலைல பில் விழுது. லோடிங் திரை ஓடும்போதே எல்லா ஷேடரையும் கம்பைல் பண்ணி, பீரோவை ஒரு தடவை மறைவா வரைஞ்சு வெச்சோம். வெட்டு போயிடுச்சு.

அந்த ஸ்டாண்ட்-அப்

டெமோ நல்லபடியா முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. எந்த ஸ்டாண்ட்-அப்ல தப்பாச் சொன்னேனோ, அதே ஸ்டாண்ட்-அப்ல ரெண்டு ரெக்கார்டிங்கையும் திறந்து, ஜிபியு வரிசையை விரிச்சுக் காட்டி, தப்பு எங்க இருந்துச்சு, யாருதுன்னு சொன்னேன். அப்புறம் தனியாப் போய் அவங்ககிட்ட சாரி சொன்னேன்.

அவங்க சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "பரவாயில்ல அண்ணா. அந்தப் பட்டைல என் ஃபங்ஷன் பேரு இருந்துச்சுல்ல, அதனால நானும் நம்பிட்டேன்."

எனக்கு அதுதான் உறுத்துச்சு. மெதுவான கோடை எப்ப வேணா சரி பண்ணிக்கலாம். ஆனா கலர் கலரா ஒரு படத்தைப் போட்டு சீனியர் ஒருத்தர் பேசும்போது, ஆறு மாச அனுபவத்துல இருக்கிறவங்க, தான் எழுதினது சரின்னு தெரிஞ்சிருந்தும் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவாங்க. ப்ரொஃபைலர் பொய் சொல்லல. இங்க 28 மில்லிசெகண்ட் கழிஞ்சுதுன்னு சொன்னது நிஜம். இவங்களாலதான் கழிஞ்சுதுன்னு சேர்த்துச் சொன்னது நான்.

ஸோ, அடுத்த தடவை அகலமான ஒரு பட்டையைப் பார்த்தா, அந்த ஃபங்ஷனை எழுதினது யாருன்னு தேடப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. இது வேலை செய்யுதா, காத்துட்டு இருக்கா? காத்துட்டு இருந்தா, யாருக்காக? இதை முழுசா எடுத்துட்டா நேரம் எவ்ளோ குறையும்னு எழுதி வெச்சோமே, அவ்ளோ குறைஞ்சுதா? மூணாவதுக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா, நல்லது. நீங்க நினைச்சது தப்புன்னு ரெண்டு வீக்கெண்ட் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. எடுத்துட்டுப் பார்க்கிறதுக்கு அந்த ஃபங்ஷனை ஒரு நிமிஷம் கமென்ட் பண்ணினாலே போதும். அன்னிக்கு நான் பண்ணியிருக்க வேண்டியது அந்த ஒரு நிமிஷ வேலைதான்.

உங்க ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒரு பட்டை உங்களை ஏமாத்தியிருந்தா எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடுல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும், ஜிபியு வரிசையை மடிச்சு வைக்காதீங்க. பார்ப்போம் மக்களே.